முதலாம் ஆண்டுக்கு எந்தப் பள்ளி?

மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதுமே வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பித்துவிடும்: முதலாம் ஆண்டுக்கு எங்கே போடுவது? தாத்தா ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா தன் மகனைக் காட்டி வேறொன்று சொல்வார். ஊரில் மூன்று வகைப் பள்ளியும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் தமிழில் பாடம், தேசியப் பள்ளியில் மலாயில், சீனப்பள்ளியில் மாண்டரினில். மூன்றுக்கும் அடிப்படைப் பாடத்திட்டம் ஒன்றுதான். அதனால் மொழியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு என் தம்பி வீட்டில் அந்தப் பேச்சு. "அண்ணி, நீங்க டியூஷன் எடுக்கிறீங்க, மூணு பள்ளிப் பிள்ளைங்களையும் பார்க்கிறீங்க. நீங்களே சொல்லுங்க" என்று தம்பி மனைவி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ரப்பர், செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு வந்து, ஒருவரோ இருவரோ தொழிற்சாலை வேலைக்குப் போய், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் இரண்டு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றிலும் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மூன்றிலும் அக்கறையில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளியும் ஏதோ ஒன்றைக் கொடுக்காமல் விடுகிறது. விட்டதை நம் வீட்டால் ஈடுகட்ட முடியுமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நம் வீடுகளில்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 தந்த கணக்கைப் பாருங்கள். 2011-இல் சீனப் பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் சீனப்பள்ளியில். மலாய்ப் பிள்ளைகளில் 94 விழுக்காட்டினர் தேசியப் பள்ளியில். இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காடு தமிழ்ப்பள்ளி, 38 விழுக்காடு தேசியப் பள்ளி, 6 விழுக்காடு சீனப்பள்ளி. மற்ற இரண்டு சமூகத்திலும் பெரும்பாலான வீடுகளில் இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயமே இல்லை. நாம் மட்டும் பிரிந்து நிற்கிறோம்.

மலாய்க்கார நண்பர்களில் பலர், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தால்தான் நாட்டில் ஒற்றுமை வரும் என்கிறார்கள். மனதார நம்பித்தான் சொல்கிறார்கள், அதில் வஞ்சகம் இல்லை. சீனர்களுக்குச் சீனப்பள்ளி அவர்கள் காசு போட்டுக் கட்டிக் காத்த கோட்டை, அதில் கை வைக்க விடமாட்டார்கள். நம்மிடம் பாசம் ஒரு பக்கம் இருக்கிறது, பயம் ஒரு பக்கம் இருக்கிறது. மேடையில் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற முழக்கத்துக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "ஆனா மலாய் வராம போயிட்டா என்ன பண்றது?" என்று கவலைப்படும் பெற்றோரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பயத்துக்கு வேர் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்தியாக வேண்டும். நடத்தினார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை, சில இடங்களில் தோட்ட எழுத்தரான கிராணியோ எழுத்தறிந்த கங்காணியோதான் வாத்தியார். சில வகுப்புகள் படித்துவிட்டுப் பிள்ளை பால்மரக் காட்டுக்கே திரும்பிவிடும். அதற்கு மேலே ஏற ஏணியே கிடையாது. எங்கள் தாத்தா தலைமுறை, 'தமிழ்ப்பள்ளியில் போட்டால் தோட்டத்திலேயே தங்கிவிடும்' என்று சொன்னது கண்ணால் கண்டு சொன்னது.

ஆனால் அது அன்றைய கதை. 1956-இல் வந்த ரசாக் கல்வி அறிக்கைக்குப் பிறகு எல்லா மொழிப் பள்ளிகளும் பொதுப் பாடத்திட்டத்துக்குள் வந்தன. எங்கள் ஊரிலேயே 1954-இல், பின்னாளில் அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தனும் ஏ.எம்.எஸ். பெரியசாமியும் முன்னின்று மகாத்மா காந்தி கலாசாலையைத் தொடங்கினார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கும் முறையான கட்டடம், முறையான படிப்பு வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அப்போதே இருந்திருக்கிறது. இன்றைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பயிற்சி பெற்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறார்கள். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை படிவம் 1-க்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்குப் போகிறது; மலாயில் போதிய நிலையை எட்டாத பிள்ளை மட்டும் முதலில் ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் படிக்கிறது. தாத்தாவின் பயத்துக்கு மரியாதை கொடுப்போம், முடிவை மட்டும் இன்றைய நிலவரத்தை வைத்து எடுப்போம்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: "தமிழ்ப்பள்ளியையே மூடப்போறாங்களாமே டீச்சர்?" இல்லை. தாய்மொழிப் பள்ளிகள், மலாயைத் தேசிய மொழி என்று சொல்லும் அரசியலமைப்பின் 152-ஆவது விதிக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டது உண்மை. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே சொன்னது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு வழக்காட அனுமதி தரவில்லை. சட்டப்படி பள்ளிக்கு ஆபத்தில்லை. பள்ளி மூடுவது பிள்ளை இல்லாமல் போவதால்தான். சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது 530-ஐ ஒட்டி நிற்கின்றன. ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை 80,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. தோட்டம் கைமாறினால் லயம் காலியாகும், லயம் காலியானால் வகுப்பறை காலியாகும். நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குப் போய் வந்தாலே தெரியும்.

சரி, தமிழ்ப்பள்ளியை முதலில் பார்ப்போம். அதன் பெரிய பலம், பிள்ளை யோசிக்கிற மொழியிலேயே பாடம் நடப்பது. என் மேசையில் ஒருநாள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். கேக்கை எட்டாக வெட்டி மூன்று துண்டு சாப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். தமிழ்ப்பள்ளிச் சிறுமி நோட்டில் வட்டம் போட்டுக் கோடு கிழித்துக்கொண்டே, "துண்டெல்லாம் ஒரே அளவா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள். பின்னத்தின் உயிரே அந்தக் கேள்விதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் இருந்த தேசியப் பள்ளிப் பையன் அவளைவிடக் கெட்டிக்காரன், பெருக்கல் வாய்பாட்டில் அவளை முந்திவிடுவான். ஆனால் வாக்கியக் கணக்கு என்றால் மலாய் வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழாக்க அவனுக்கு ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் கேள்வி கேட்கும் ஆசை போய்விடுகிறது. இப்படி நடப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் அரசாங்கமும் நிலையாக இருந்ததில்லை. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, படிப்படியாகப் பழைய மொழிக்கே திரும்பினார்கள். அப்புறம் 2016-இல் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம், விரும்பும் பள்ளிகள் அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று. அது தமிழ்ப்பள்ளிக்கு வேண்டுமா வேண்டாமா என்று நம் ஆட்களுக்குள்ளேயே பெரிய சண்டை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் நன்றாக வர வேண்டும் என்றுதான் பேசினார்கள். ஆனாலும் சொல்கிறேன்: ஏழு வயதில் ஆங்கிலத்தைப் பாடமாக நன்றாகச் சொல்லிக்கொடுக்காமல், கணிதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பினால் இரண்டும் தள்ளாடும். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் இருப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

குறைக்கு வருவோம், அதை மறைத்துப் பேசினால் பெற்றோருக்குத் துரோகம். தமிழ்ப்பள்ளியில் மலாய் ஒரு பாடம் மட்டுமே, அதன் பாடநூலும் தேசியப் பள்ளியின் நூலைவிட எளிது. வகுப்பில், திடலில், சிற்றுண்டிச்சாலையில் எங்கும் தமிழ்தான். அப்புறம் படிவம் 1-இல் திடீரென்று அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில்.

படிவம் 2 மாணவன் ஒருவன், மலாக்கா எதனால் பெரிய துறைமுகமாக வளர்ந்தது என்று என்னிடம் தமிழில் அழகாகச் சொன்னான். நீரிணை குறுகியது, இரண்டு பருவக்காற்றும் கப்பலைக் கொண்டுவந்து சேர்க்கும், சீனாவின் பாதுகாப்பு இருந்தது, வணிகர்களுக்குச் சட்டம் இருந்தது. நான்கு காரணமும் சரி. அதே கேள்விக்கு அவன் பள்ளித் தாளில் எழுதியிருந்தது ஒன்றரை வரி. ஆசிரியர் அந்த ஒன்றரை வரிக்குத்தானே மதிப்பெண் போடுவார்? படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம், 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். இந்தத் தாவலைப் பெரும்பாலான பிள்ளைகள் படிவம் 3-க்குள் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதவர்கள் பின்வரிசைக்குப் போகிறார்கள், பிறகு பள்ளிக்கே வராமல் போகிறார்கள். அவர்களில் சிலர் படிக்க வேண்டிய வயதில் கடைத்தெருவில் மூட்டை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மலாயை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோட்டப்புறத்துச் சிறிய பள்ளிகளைப் பற்றியும் பயம் உண்டு. 150 பேருக்கும் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. மிகவும் குறைந்துவிட்டால் வெவ்வேறு இரண்டு ஆண்டுகளின் மாணவரை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைப்பார்கள். என்னைக் கேட்டால், சிறிய பள்ளி என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேர் நோட்டையும் ஆசிரியர் பார்த்துவிடுவார். ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். மலாய்மொழிக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா, கடந்த ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள் என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். நல்ல தலைமையாசிரியர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

தேசியப் பள்ளியின் பலமும் இந்த இடத்தில்தான். படிவம் 1 தாவல் கிடையாது, பிள்ளை மலாயில் கூச்சமில்லாமல் பேசும், மலாய் நண்பர்கள் கிடைப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேன் செலவும் மிச்சம். என்னிடம் படிக்கும் தேசியப் பள்ளிப் பிள்ளைகள் அலுவலகங்களில் தைரியமாகப் போய்ப் பேசுவதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ஒற்றுமைக்காக அங்கே போடுகிறோம் என்று சொல்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனப் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் சீனப்பள்ளியில் இருக்கும்போது தேசியப் பள்ளி வகுப்பு மூவினக் கலவையாக எப்படி இருக்கும்? மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் நாலைந்து பேரும் என்ற அளவில்தான் பல இடங்களில் இருக்கிறது. சமயச் சாயல் கூடிவிட்டது என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. அது பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது, நல்ல தலைமையாசிரியர் இருக்கும் இடத்தில் நம் பிள்ளையை யாரும் ஒதுக்குவதில்லை.

இங்கே விடுபடுவது தமிழ் எழுத்து. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். நடைமுறையில், ஒரு பள்ளியில் நம் பிள்ளைகள் 12 பேர்தான் இருப்பார்கள், 15 பேர் இருந்தால் ஆசிரியர் கிடைக்கமாட்டார், ஆசிரியர் கிடைத்தால் வகுப்பு பள்ளி முடிந்தபிறகு இருக்கும், அப்போது வேன் போய்விடும். வீட்டில் தமிழ் பேசுகிறோமே, போதாதா என்று கேட்பார்கள். நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை தன் பாட்டிக்கு வாட்ஸாப்பில் தமிழை ரோமன் எழுத்தில் தட்டி அனுப்புகிறாள். பாட்டி தோட்டத்துப் பள்ளியில் தமிழ் எழுத்து மட்டும் படித்தவர். பாட்டி தமிழில் எழுதினால் பேத்திக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி எழுதுவது பாட்டிக்குப் புரியாது. இருவரும் குரல் பதிவு அனுப்பிச் சமாளிக்கிறார்கள். பேச்சு வீட்டில் வந்துவிடும், எழுத்தும் வாசிப்பும் வராது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் அம்மா, தினம் அரைமணி நேரம் உட்கார்ந்து உயிர்மெய் சொல்லிக்கொடுப்பாளா என்பதை அவளே நேர்மையாகச் சொல்லட்டும்.

சீனப்பள்ளியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாண்டரின் தெரிந்தால் ஈப்போவிலும் பினாங்கிலும் வேலை எளிது என்று பேச்சு. ஒழுங்கும் கணிதமும் நன்றாக இருக்கும் என்ற பெயரும் உண்டு. இந்தக் கவர்ச்சி நமக்கு மட்டும் இல்லை, சீனப்பள்ளி மாணவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்போது சீனர் அல்லாதவர். ஆனால் வீட்டுப்பாடம் நிறைய வரும், அதில் ஒரு வரிகூட அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. முதல் நாளிலிருந்தே மாண்டரின் டியூஷன் போட வேண்டும். மாண்டரினும் நிற்காமல், மலாயும் மற்ற பிள்ளைகள் அளவுக்கு வராமல், தமிழ் எழுத்தும் இல்லாமல் படிவம் 1-க்கு வந்த பிள்ளைகள் எனக்குத் தெரியும். ஆறு ஆண்டும் டியூஷனுக்குத் தொடர்ந்து பணம் கட்ட முடியும், பகல் முழுக்கச் சீனக் குடும்பத்திடம் பிள்ளை வளர்கிறது என்றால் யோசியுங்கள். இல்லாவிட்டால் எங்களைப் போன்ற ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இது வேண்டாம் என்பேன்.

ஆங்கிலத்துக்காகப் பள்ளியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரே வரி: டி.எல்.பி. நடத்தும் பள்ளிகளைத் தவிர்த்தால் மூன்று பள்ளியிலுமே ஆங்கிலம் ஒரு பாடம்தான், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி விடுவது மலாய். அந்த மலாய் கடையில் இருக்கிறது, கிளினிக்கில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் இருக்கிறது, இடைநிலைப்பள்ளியில் இன்னும் ஐந்து ஆண்டு முழுக்க இருக்கிறது. பிள்ளைக்கு மலாய் கற்க வாழ்நாள் எல்லாம் வாய்ப்பு உண்டு. தேசியப் பள்ளியும் சீனப்பள்ளியும் விடுவது தமிழ் எழுத்து. பன்னிரண்டு வயதுக்குள் அது கைக்கு வராவிட்டால் பிறகு வருவது அபூர்வம். அதற்கு வேறு இடமும் இந்த நாட்டில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோவில் வகுப்பு கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஈடுகட்டக்கூடியதை விட்டுக்கொடுப்போம், ஈடுகட்ட முடியாததைப் பள்ளியிடம் வாங்கிக்கொள்வோம். தம்பி மனைவிக்கு நான் தமிழ்ப்பள்ளி என்று சொன்னது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு சொன்னேன். மலாயை ஆறாம் ஆண்டுவரை தள்ளிப்போடக் கூடாது, முதலாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். தினம் ஒரு பக்கம் மலாய்க் கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கட்டும், அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டால் போதும். நான்காம் ஆண்டிலிருந்து தேசியப் பள்ளியின் மலாய்ப் பாடநூலையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மாலையில் தாமான் திடலில் மலாய்ப் பிள்ளைகளோடு பூப்பந்து ஆடட்டும், எங்கள் தாமானில் நன்றாக மலாய் பேசும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் திடலில் கற்றவர்கள். ஆறாம் ஆண்டு இறுதி விடுமுறையில் படிவம் 1 அறிவியல், வரலாற்று நூல்களை முன்கூட்டியே புரட்டிப் பார்க்கட்டும். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர்.-ஐ 2021-இல் எடுத்துவிட்டதால், ஆரம்பப்பள்ளி முடியும்போது பிள்ளையின் மலாய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அந்தப் பொதுத்தேர்வு இப்போது இல்லை. வீடுதான் கவனிக்க வேண்டும்.

தேசியப் பள்ளிக்கே போகட்டும் என்று நானே சொன்ன வீடுகளும் உண்டு. தமிழ்ப்பள்ளிக்குப் போக விடியுமுன் ஐந்து மணிக்கு வேன் ஏற வேண்டும் என்றால் அந்தத் தூக்கத்தை ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். சிறப்புக் கல்வி வகுப்பு தேவைப்படும் பிள்ளை என்றால் அந்த வகுப்பும் அதற்கான ஆசிரியரும் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும், மொழி இரண்டாவதுதான். அப்படிப் போகும் வீட்டார் பதிவு செய்த வாரமே மற்ற இந்தியப் பெற்றோரைத் தேடிப் பிடித்து, அந்த 15 பேர் பட்டியலைத் தாங்களே தயார் செய்து பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பள்ளியாகக் கேட்கும் என்று காத்திருந்தால் ஆறு ஆண்டு ஓடிவிடும்.

இதே வேலை தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கும் ஆறு ஆண்டு கழித்துக் காத்திருக்கிறது. இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் கேட்டால்தான் கிடைக்கும். படிவம் 1 பதிவு நாளன்றே எழுதிக் கொடுங்கள், வகுப்பு எந்த நேரம், யார் ஆசிரியர் என்று அங்கேயே கேளுங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மறுபடியும் கேளுங்கள். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க வேண்டுமானால் தமிழ் வகுப்பு படிவம் 1-இலிருந்தே விடாமல் நடந்திருந்தால்தான் எளிது.